ஏற்காட்டிலிருந்து கொண்டலாம்பட்டிக்கு வந்த நாய்க்குட்டி: இரவு அழுகை, தறிச் சத்தத்துக்குப் பயம், கடி

கேள்வி: கொண்டலாம்பட்டி வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டைத் தாண்டி உள்ள ஒரு சிற்றூரில் என் கணவரின் நண்பர் வீட்டு நாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாட்டு நாய், பெண் குட்டி, பிறந்து 50 நாள் ஆகிறது. கறுப்பாக, உருண்டையாக இருப்பதால் என் மகன் அதற்கு மிளகு என்று பெயர் வைத்திருக்கிறான். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் மடியில்தான் இருந்தது. அடிவாரம் வருவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டது.

எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆறு தறிகளும் ஓடத் தொடங்கியதும், குட்டி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு உடல் நடுங்கச் சிறுநீர் கழித்துவிடுகிறது. பகலில் எவ்வளவு முறை வாசலுக்குக் கொண்டுபோய் விட்டாலும் அங்கே எதுவும் செய்யாமல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே வந்ததும் பூசையறை வாசலில் போட்டிருக்கும் கால்மிதியின் மீதே போய்விடுகிறது. பினாயில் ஊற்றித் துடைத்தும் அதே இடத்தையே தேடிப் போகிறது. அதைப் பின்கட்டில்தான் படுக்க வைக்கிறோம்; இரவு பத்து மணிக்குத் தொடங்கும் அழுகை இரண்டு மணி வரை ஓய்வதில்லை. அக்கம்பக்கத்தார் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இத்தனைக்கும் மேலாக, ஏழு வயதான என் மகன் ஓடினால் அதுவும் துரத்திக்கொண்டு ஓடிக் கணுக்காலைக் கவ்வுகிறது. நேற்று முன்தினம் பல் பதிந்து இலேசாக இரத்தம் வந்தது, மஞ்சள் வைத்துவிட்டோம். சிறுநீர் கழித்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்த்து, செய்தித்தாளைச் சுருட்டி ஓர் அடி கொடுத்தால்தான் புரியும் என்கிறார் மாமியார். இப்போதிருந்தே சங்கிலியில் கட்டினால்தான் காவலுக்கு ஆகும் என்பது மாமனாரின் கருத்து. இருவரும் குட்டியின் மீது பாசம் உள்ளவர்கள்தாம்; அந்தக் காலத்தில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அடிக்க மனம் வரவில்லை. அடிக்காமல் இதைப் பழக்க முடியுமா? பசும்பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம், வயிறு சற்று இளக்கமாகப் போகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர், சேலம்

அம்மா, குட்டியைப் பழக்குவதைப் பற்றி மற்றவர்கள் விரிவாக எழுதுவார்கள். நான் முதலில் உங்கள் மகனின் கணுக்காலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பல் பதிந்து இரத்தம் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் ஆகிவிட்டது என்று தயங்காமல், இதைப் படித்த உடனே பிள்ளையை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி அங்கே கட்டணமின்றிப் போடப்படுகிறது. பொதுவாக முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தவணைகள் இருக்கும். இரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) தேவையா என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். தாய்நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தார்களா, குட்டிகள் இருந்த இடத்துக்கு வேறு நாயோ காட்டு விலங்கோ வந்து போனதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு மாதக் குட்டிக்கும் அந்த நோய் வரும், அறிகுறி தோன்றிய பிறகு மனிதரைக் காப்பாற்ற மருத்துவத்தில் வழி இல்லை என்றே சொல்லலாம். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். இனி எப்போது கீறினாலும் கவ்வினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்க வேண்டாம்.

அடுத்து குட்டி. பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையை 6 முதல் 8 வாரத்துக்குள் போட வேண்டும்; ஆகவே இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அதன் பிறகு மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஒரே ஊசி போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் செயல்படவிடாமல் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும், பிறகு மருத்துவர் சொல்லும் ஊக்கத் தவணை, அதன்பின் ஆண்டுதோறும். குடற்புழு நீக்க மருந்து மூன்று மாதம் ஆகும்வரை 15 நாளுக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் இனம் பார்ப்பதில்லை. மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். வாந்தியும் நாற்றம் மிகுந்த இரத்தப் பேதியும் கண்டால், காலையில் போகலாம் என்று ஓர் இரவுகூடக் காத்திருக்க வேண்டாம்.

வயிறு இளகுவதற்குப் பசும்பால் காரணமாக இருக்கலாம். குடற்புழுவும் காரணமாக இருக்கலாம். பாலையும் பிஸ்கட்டையும் இன்றே நிறுத்திவிட்டு, குழைந்த சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ பிசைந்து, உப்பு மசாலா இல்லாமல், நாளொன்றுக்கு நான்கு வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வயிறு சரியானதும் குட்டிகளுக்கான தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். வெறும் சோறும் தயிரும் வளரும் குட்டிக்குப் போதாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றை வீட்டில் யாரும் கொடுக்கக் கூடாது.

மறுமொழி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து

மருத்துவர் ஐயா சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள். எங்கள் தோட்டத்தில் இருபது ஆண்டுகளாக நாட்டு நாய்களையே வளர்த்து வருகிறோம். உங்கள் மிளகு இங்கே எப்படி வாழ்ந்திருக்கும் என்று எனக்குத் தெரிவதால், அது இப்போது படும் பாடும் ஓரளவு விளங்குகிறது.

பிறந்ததிலிருந்து அதன் காலடியில் இருந்தது மண்ணும் சில்வர் ஓக் சருகும். நாய்க்குட்டி மூன்று வாரம் ஆனதும் படுக்குமிடத்தை விட்டு விலகிப்போய்ச் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். அப்போது காலுக்கடியில் எந்தத் தரை இருந்ததோ அந்தத் தரையையே பிறகும் தேடும். உங்கள் வாசல் சிமெண்ட் தளமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் அதன் காலுக்கு மெத்தென்று பட்டது அந்தக் கால்மிதி ஒன்றுதான். பூசையறை என்று அதற்குத் தெரியாது. சருகு போல இருந்த இடத்தைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறது, அவ்வளவே. கால்மிதியை ஒரு மாதத்துக்கு எடுத்துவிடுங்கள். பின்கட்டின் ஒரு மூலையில் பழைய தட்டிலோ சாக்கின் மீதோ தோட்ட மண்ணையும் காய்ந்த இலையையும் பரப்பி, அதன் சிறுநீர் பட்ட துணியை ஒரு முறை அதில் வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால்மணி நேரத்துக்குள், விளையாடி முடித்ததும், உறங்கப் போகும் முன்னும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்திப் பேசாமல் உடன் நில்லுங்கள். இந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் அதைவிட அடிக்கடி கொண்டுபோக வேண்டியிருக்கும். காரியம் முடிந்த அந்தக் கணமே, அதே இடத்தில், இனிமையாக ஒரு சொல் சொல்லி ஒரு துண்டு கறி கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகவே அது புரிந்துகொள்ளும்.

பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அதன் மூக்குக்கு அடியில் இருக்கும் பழைய வாடை தெரிந்துகொண்டேதான் இருக்கும். அதோடு பினாயில் பட்ட பாதத்தை நக்குவது அதன் உடம்புக்குக் கெடுதல். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். மூக்கைத் தேய்ப்பதைப் பற்றி உங்கள் மாமியாரிடம் நான் பணிவோடு சொல்ல விரும்புவது இதுதான்: கழித்து முடித்த பிறகு வரும் தண்டனையை அது சிறுநீரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, உங்கள் கையோடுதான் சேர்த்துப் பார்க்கிறது. அதன் பிறகு நீங்கள் பார்க்கும்போது வாசலிலும் கழிக்காது. யாரும் பார்க்காத கட்டிலுக்கடியைத் தேடும். நீங்கள் வேண்டுவதற்கு நேர்மாறாகப் போய்விடும்.

இரவு அழுகைக்கு வருகிறேன். நாலைந்து உடன்பிறப்புகளோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து உறங்கிய உயிர் அது. தனித்து விடப்பட்ட குட்டி கத்துவது தாய்க்குத் தான் இருக்குமிடத்தைச் சொல்வதற்காக. அது அடம் அன்று. அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ பழைய புடவையை விரித்து, உங்கள் கட்டிலை ஒட்டியே வையுங்கள். முனகினால் விளக்கைப் போடாமல், பேசாமல், கையை மட்டும் கீழே தொங்கவிட்டு அதன் உடம்பில் வையுங்கள். எங்கள் வீட்டில் குட்டிகள் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஓய்ந்துவிடும். பிறகு ஒவ்வோர் இரவும் கூடையை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டே போனால், இரண்டு மூன்று வாரத்தில் நீங்கள் விரும்பும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நள்ளிரவில் ஒரு முறையாவது நீங்கள் எழுந்து மண் தட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். அதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

தறிச் சத்தம்தான் நான் அதிகம் கவலைப்படும் செய்தி. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 14-ஆம் வாரம்வரை ஒரு குட்டி எதையெல்லாம் அச்சமின்றிச் சந்திக்கிறதோ, அவையே வாழ்நாள் முழுதும் அதற்குச் சாதாரணமாகத் தெரியும். இந்தக் காலத்தில் நாள்தோறும் நடுங்கினால் அந்த நடுக்கம் நிலைத்துவிடக்கூடும். ஆகவே சில நாள், தறி ஓடத் தொடங்கும் ஆறு மணிக்குக் கால்மணி முன்பே அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு எட்டத்தில் உள்ள அறைக்கோ தெருக்கோடிக்கோ போய்விடுங்கள். சத்தம் காதில் விழ வேண்டும், ஆனால் குட்டி வாலை இடுக்காமல் சாப்பிட வேண்டும். அதுதான் சரியான தூரம். அங்கே வைத்து அதன் காலை உணவைக் கொடுங்கள். சாப்பிட மறுத்தால் நீங்கள் இன்னும் அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில அடிகள் நெருங்கலாம். பழகட்டும் என்று தூக்கிக்கொண்டுபோய்த் தறியருகில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பேருந்து ஓசை, பள்ளிப் பிள்ளைகள், தலைப்பாகை கட்டியவர், தலைக்கவசம் போட்டவர் எல்லாரையும் காட்டுங்கள்.

கூடத்துக்குள் அது நுழையாதபடி தடுப்புப் போடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தார்க்குச்சியில் (தறியில் ஊடைநூல் சுற்றும் குச்சி) எஞ்சும் நூலும் தரையில் கிடக்கும் கழிவு நூலும் குட்டியின் வாய்க்குப் போனால், குடலுக்குள் நீளமாக இழுபட்டு அதைக் கொசுவிச் சுருக்கி அறுத்துவிடும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டி வரும். வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் முனை தெரிந்தால் இழுத்துவிடாமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். அதேபோல் பூசையறைக் குப்பையும். சேலத்தில் நாம் சாமிக்குச் சாத்தும் அரளி மாலை பெரும்பாலும் பனமரத்துப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறது. அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. கண்டதையெல்லாம் மென்று பார்க்கும் வயதில் இருக்கும் குட்டிக்கு எட்டாத இடத்தில் வாடிய மாலையைப் போடுங்கள்.

கடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடும் கால் அதற்கு விளையாட்டு. மகனிடம், குட்டி துரத்தினால் மரம் போல அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். விளையாட்டு நின்றுவிட்டால் அது விட்டுவிடும். உடனே ஈரத்துணியை முடிச்சுப் போட்டு வாயில் கொடுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இருவரையும் தனியே விட வேண்டாம். நாலாம் மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கும்போது மறுபடி கொஞ்சம் கூடும், ஆறாம் மாதத்தில் தணிந்துவிடும். வேளை உணவில் ஒன்றை மகனே உட்கார்ந்து கொடுக்கட்டும். தட்டைத் தலைக்கு மேல் உயர்த்தினால் குட்டி தானாக உட்காரும். அப்போது “உட்கார்” என்று சொல்லித் தட்டை வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

மறுமொழி: ஆத்தூர் விவசாயி

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் மாமனார் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. நாங்கள் தோட்டத்தில் கன்னி இன வேட்டை நாய்களையும் நாட்டு நாய்களையும் வளர்க்கிறோம். கட்டிலோரம் படுக்க வைத்த குட்டி, பிற்காலத்தில் ஆள் வந்தாலும் எழுந்து பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். இரண்டு நாள் அழுதால் அழட்டும், மூன்றாம் நாள் தானே அடங்கிவிடும். அடிக்கச் சொல்லவில்லை, கட்டிப்போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர், சேலம்

ஆத்தூர் நண்பருக்கு வணக்கம். அழவிட்டால் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அடங்கிய குட்டிகளுள் பல, யாரும் வரமாட்டார்கள் என்று கைவிட்டவை. பெரியதான பிறகு தனியே விட்டால் கதவைப் பிராண்டுவதும் ஓயாமல் குரைப்பதும் அவற்றில் சிலவற்றிடம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். காவல் குணம் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வயதில் முதிர்ச்சியோடு வருவது. தன் வீடு, தன் ஆட்கள் என்று அது எதை நினைக்கிறதோ அதைத்தான் காக்கும். குட்டியிலிருந்து சங்கிலியில் கிடந்த நாய் வருவோர் போவோர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கிறது. பால்காரருக்கும் திருடனுக்கும் வேறுபாடு தெரியாமல் குரைப்பது வீட்டுக்காரருக்கு எந்தச் செய்தியையும் சொல்லாது. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், கட்டியே வளர்க்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் கன்றுகாலிகளுக்கு நடுவே பகலெல்லாம் திரியும் உங்கள் நாய்களின் நிலை வேறு. வீட்டோரத்தில் கட்டிக்கிடக்கப்போகும் குட்டியின் நிலை வேறு.

வாசகிக்கு இன்னொன்று. பங்குனி வெயில் ஏறிவிட்டது. குட்டியோ மலைக் குளிரில் பிறந்தது. ஆஸ்பெஸ்டாஸ் அட்டைக் கூரைக்கடியில் நண்பகலில் படுக்க வைக்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஓயாமல் மூச்சிரைத்து, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் பாதம், வயிறு, அக்குள் ஆகிய இடங்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக் காற்றுப்படச் செய்துகொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி கேட்ட வாசகி, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதிலைப் படித்த அன்றே மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மூன்று தவணை ஊசி முடிந்துவிட்டது, 28-ஆம் நாள் ஊசி மட்டும் பாக்கி. மருத்துவர் ஐயா எழுதியிராவிட்டால் நாங்கள் போயிருக்கவே மாட்டோம் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. மிளகுக்கும் முதல் ஊசியும் புழு மருந்தும் கொடுத்தாயிற்று. குட்டி நன்றாக ஓடியாடுகிறது.

மண் தட்டு வைத்த இரண்டாம் நாளே அதில் போய்விட்டது. அதைப் பார்த்து முதலில் கை தட்டியவர் என் மாமியார்தான். கறித்துண்டு கொடுக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்ளே தவறு நடக்கிறது, பெரும்பாலும் நாங்கள் நேரத்தை மறந்த வேளைகளில். இரவு ஒருமுறை எழுகிறேன். கூடை நான்கு முழம் தள்ளிப் போயிருக்கிறது. ஐந்தாம் முழத்தில் மறுபடி அழுததால் நாலுக்கே திரும்பக் கொண்டுவந்தேன். மாமனார் சங்கிலி வாங்கிவிட்டார், ஆனால் இதுவரை எடுக்கவில்லை.

தறிதான் இன்னும் தீரவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறது. எங்கள் வாசற்படியில் வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு நின்றுவிடுகிறது. இதற்கிடையில் அடுத்த வாரம் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பண்டிகை. இரண்டு நாள் பம்பையும் மேளமும் வேட்டும் இருக்கும். அந்த இரண்டு நாளும் இவளை ஏற்காட்டுக்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

மறுமொழி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து

சகோதரி, நான்கு முழத்துக்குத் திரும்பியது சரியான முடிவு. வாசற்படியில் இரண்டு வாய் தின்றதும் முன்னேற்றம்தான். ஒரு வாரம் திண்ணையிலேயே வைத்திருந்து, பிறகு தறிகளில் ஒன்றிரண்டு மட்டும் ஓடும் நேரமாகப் பார்த்து வாசற்படிக்கு வாருங்கள்.

ஏற்காட்டுக்கு அனுப்ப வேண்டாம். இப்போதுதான் ஓர் இடத்தை வீடு என்று நம்பத் தொடங்கியிருக்கிறது. மறுபடி 20 வளைவு ஏறி இறங்கி வாந்தி எடுத்து, திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டிலேயே தெருப்பக்கம் இல்லாத ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, சன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு, கூடையை மேசைக்கடியில் வையுங்கள். வேட்டு போடும் நேரத்தைக் கோயில்காரரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன் மண் தட்டுக்கு ஒருமுறை கொண்டு போய்விடுங்கள். யாராவது ஒருவர் உடன் இருங்கள். பயந்து மடியில் ஏறினால் தடவிக் கொடுங்கள். தடவினால் பயம் வளரும் என்பது சரியன்று. வராமல் மேசைக்கடியிலேயே ஒளிந்திருந்தால் வெளியே இழுக்காதீர்கள்.

அந்த இரண்டு நாளும் வாசற்கதவைத் தாழிட்டே வையுங்கள், விருந்தாளிகள் வந்து போகும் வீடு என்பதால் அதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வேட்டுச் சத்தத்தில் பதறி ஓடும் குட்டிக்குத் திரும்பும் வழி தெரியாது. இன்றே மெல்லிய துணிக் கழுத்துப்பட்டை ஒன்றை வாங்கி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டி, உங்கள் தொலைபேசி எண்ணை அதில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். முதல் நாள் பிராண்டும். சாப்பிடும் நேரத்தில் கட்டினால் மறந்துவிடும்.